சண்முகநதிக் கரையும் திருவாவினன்குடியும்

ஒரு திருக்கோயிலின் பெருமையைப் பேசப் புகுவோர் மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனையும் ஒருங்கு வைத்துப் பேசுதல் சைவ மரபு. மூர்த்தியால் சிறந்தன சில. தலத்தால் சிறந்தன சில. தீர்த்தத்தால் சிறந்தன சில. மூன்றாலும் சிறந்து விளங்குவன மிகச் சில. அம் மிகச் சிலவற்றுள் ஒன்று பழனி. ஆயினும், பழனியின் மூர்த்தியைத் தமிழ் வழங்கும் நிலமெங்கும் அறிவர். தலமாகிய மலையைச் சேய்மையிலேயே கண்டு கைகூப்புவர். தீர்த்தமாகிய சண்முகநதியையோ பாலத்தின்மேல் ஊர்தியிற் கடக்கும் பொழுதில் ஒருகணம் பார்த்து அப்பாற் செல்வர். தண்டு ஏந்திய பெருமானது ஊர் எங்குத் தொடங்கியது, எவ்வாறு வளர்ந்தது என்று வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவார்க்கு அந்த ஆற்றங்கரையே முதற்சான்றாக நிற்கின்றது. அக்கரைவழியே தெற்கினின்றும் வடக்கு நோக்கி மெல்ல நடந்து செல்வார் ஒருவர், ஈராயிரம் ஆண்டுத் தமிழர் வாழ்வை ஏடு புரட்டுவது போலக் காணலாம்.

நிலமும் நீரும்

திண்டு போன்ற பெருங்கல்லைத் தலைமாட்டில் வைத்துக் கிடப்பது போலத் தோன்றுதலின் திண்டுக்கல் எனப் பெயர் பெற்ற நகரினின்று மேற்கு நோக்கிச் சென்றால், இடப்புறம் நெடுகிலும் வராககிரி என்று முன்னோர் வழங்கிய பழனிமலைத் தொடர் நீலச் சுவர்போல் உடன்வரும். வலப்புறம் சமவெளி விரிந்து கிடக்கும். 1985ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்றுத் தனி மாவட்டமாகிய இந்நிலத்தின் நீரோட்டம் ஊன்றி நோக்கத்தக்கது. மலையின் தென்புறத்துச் சரிவில் வீழும் நீர் வையையைச் சேர்ந்து மதுரை நோக்கிப் போகும். வடபுறத்துச் சரிவில் வீழும் நீரோ குடகனாறு, நங்காஞ்சியாறு, சண்முகநதி எனப் பல பெயர் பூண்டு வடக்கே ஓடி அமராவதியிற் கலக்கும். அமராவதி என்பது பண்டைச் சான்றோர் ஆன்பொருநை என்று போற்றிய யாறு. அது கருவூரை அடுத்த திருமுக்கூடலூரில் காவிரியோடு கூடும்.

இந்நீரோட்டமே இப்பகுதியின் வரலாற்றை வகுத்தது என்னலாம். ஊர் பாண்டி நாட்டு எல்லையில். ஆறு ஓடுவதோ சேரர்க்குரிய கருவூர்த் திசையில். ஆகலின் பழனி வட்டாரம் பாண்டியர்க்கும் சேரர்க்கும் இடைப்பட்ட வாயிலாயிற்று; பின்னாளிற் கொங்கு மண்டலத்து இருபத்துநான்கு நாடுகளுள் வையாபுரி நாடு என ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது. இன்றும் பழனிக்குக் காவடி சுமந்து வருவாருள் கொங்கு நாட்டார் பெருந்தொகையினராய் இருத்தல் ஆற்றுவழி வந்த பழைய உறவின் தொடர்ச்சியே.

பாலாறு, பொருந்தலாறு முதலிய மலையோடைகள் பல கூடி ஓர் ஆறாவது சண்முகநதி. ஆறு நீரோடைகள் ஒன்றுகூடுதலின் ஆறுமுகன் பெயர் பெற்றது என்பது தலத்தார் வழக்கு. ஆறு திருமுகமும் ஓருருவில் அமைந்தாற்போல ஆறு நீரும் ஒரு பெருக்காயின என்று அன்பர் உரைக்குங்கால், நிலநூலும் பத்திநூலும் ஓரிடத்தே சந்திக்கின்றன.

பொருந்தல்

பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில், மலையடியில், பொருந்தலாற்றங்கரையில் பொருந்தல் என்னும் சிற்றூர் உளது. தென்னையும் கரும்பும் நெல்லும் செழித்த இவ்வூரைக் காண்பார், பார்த்தவுடன் இதனை வேளாண் சிற்றூர் என்றே கொள்வர். ஆயின் சங்கச் செய்யுள் பாடிய பொருந்தில் இளங்கீரனார் இவ்வூரினராதல் கூடும் என்பது அறிஞர் பலர் கருத்து. இக்கருத்துக்கு அரண் செய்வதுபோல 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் தலைமையில் இங்கு நிகழ்ந்த அகழாய்வு அரிய பல உண்மைகளை வெளிக்கொணர்ந்தது.

கல்வட்டங்களால் சூழப்பெற்ற ஈமக்குழி ஒன்றில், நான்கு கால்களையுடைய சாடியொன்றினுள் ஏறத்தாழ 2 கிலோகிராம் நெல் இருந்தது. அதே குழியிற் கிடைத்த பிரிமனையொன்றில் தமிழி எழுத்தில் ‘வய்ர’ என்பது பொறிக்கப்பட்டிருந்தது. அந்நெல்லை அணுவியல் முறையால் ஆராய்ந்தபோது அதன் காலம் கி.மு. 490 என அறியவந்தது. நெல்லின் காலத்தைக் கொண்டு எழுத்தின் காலத்தை முடிவு செய்தல் போதாது என்று தயங்கிய அறிஞரும் உளர். எழுத்தைப் பற்றிய வழக்கு எவ்வாறு முடியினும், இவ் ஆற்றங்கரையில் இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே நெல் விளைந்தது என்பதும், இறந்தாரைப் பிரியும் நேரத்தும் நெல்லைக் கலத்திலிட்டு உடன்வைத்து வழியனுப்பும் அன்பு அம்மக்களிடத்து இருந்தது என்பதும் தெளிவு. குடமுழுக்கில் நெல்லைப் பரப்பி அதன்மேற் கும்பத்தை நிறுவும் மரபினையுடையார்க்கு இச்செய்தி உள்ளத்தைத் தொடாமற் போகாது.

குடியிருப்பு மேட்டிலோ கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்தன. மணி செய்யும் உலையின் அடையாளமும் காணப்பட்டது. இவண் வாழ்ந்தோர் உழவர் மட்டுமல்லர், கைவினைஞருமாவர். இதனோடு அகநானூற்றின் முதற்பாட்டை ஒப்பிட்டுக் காண்டல் இன்பம் பயப்பது. மாமூலனார் பாடிய அப்பாட்டில், நெடுவேள் ஆவிக்குரிய பொதினி என்னும் ஊர் பேசப்படுகின்றது. அங்கே காரோடன், அதாவது சாணைக்கல் செய்யும் கைவினைஞன், அரக்கோடு சேர்த்து இறுகச் செய்த கல்லைப்போலப் பிரியேம் என்று தலைவன் சூளுரைத்தது உவமையாக வருகின்றது. பொதினியை நினைந்த புலவர்க்கு அவ்வூர்த் தொழிலாளியின் கைவன்மையே உவமையாக வந்து வாய்த்தது. பாட்டில் மணியைத் தீட்டும் சாணைக்கல். மண்ணின்கீழ் மணி செய்த உலை. இரண்டும் ஓர் ஆற்றின் நீர் பாயும் வட்டாரத்தினவாதல் காண்க.

ஆற்றுவழியே இறங்கி வருமிடத்துக் கலையம்புத்தூரில் 19ஆம் நூற்றாண்டில் உரோம நாட்டுப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களினின்று பாலைக்காட்டுக் கணவாய் வழியாக மதுரைக்கு வந்த வணிகச் சாத்து இவ் ஆற்றைக் கடந்தே போந்தது என்று அறிஞர் கருதுதற்கு இவையெல்லாம் துணை நிற்கின்றன.

ஆவியர் கோமான்

பொதினி என்பதே பழனி எனத் திரிந்தது என்பர் மொழி வல்லார். ஞானப்பழமாகிய முருகனையே ‘பழம் நீ’ என விளித்தமையால் வந்த பெயர் என்பர் புராணம் வல்லார். முன்னது சொல்லின் வரலாறு; பின்னது சொல்லைக் கேட்ட அன்பரின் உள்ளத்து வரலாறு. இரண்டும் தத்தம் நிலையில் மெய்யேயாதலின், ஒன்றனை நிறுத்த மற்றொன்றனை இகழ்தல் வேண்டா.

இப்பொதினியை ஆண்டவர் ஆவியர் குடியினர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வையாவிக் கோப்பெரும் பேகன் இக்குடியிற் பிறந்தவன். மயில் அகவியதைக் குளிரால் நடுங்கியதாகக் கருதித் தன் போர்வையை அதன்மீது போர்த்தவன் என்று இவனைப் பள்ளிச் சிறாரும் அறிவர். பலர் அறியாதது இவனைப் பற்றிய மற்றொரு செய்தி. இவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்திபால் மனம் வைத்திருந்த காலத்து, கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய சான்றோர் இவன்பாற் சென்று, பரிசில் வேண்டேம்; அவளுக்கு அருள்வதே எமக்குப் பரிசில் என்னும் கருத்துப்படப் பாடினர். அப்பாட்டுகள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளன. மயிலுக்கு இரங்கிய மன்னன் மனையாளுக்கு இரங்காதிருத்தல் தகுமோ என்று கேட்கும் உரிமை அந்நாட் புலவர்க்கு இருந்தது. கேட்டுக் கொள்ளும் பெருந்தன்மை மன்னர்பால் எதிர்பார்க்கப்பட்டது. புகழ்பாடி வாழ்வார் குறைகாட்டவும் அஞ்சாத நாட்டில் அறம் நிலைபெறும் என்பதற்கு இவ் ஆற்றங்கரை வரலாறே சான்று.

சேர வேந்தர் வேளாவிக் கோமான் பதுமன் மகளை மணந்த செய்தியைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் கூறுகின்றன. ஆன்பொருநைக் கரையில் அரசிருந்த வேந்தர்க்கு அதன் துணையாற்றங்கரைத் தலைவர் மகட்கொடை நேர்ந்தனர். ஆற்றுவழியே நீர் மட்டுமன்று, உறவும் ஓடிற்று.

ஆவினன்குடி

மலையடியில், வயலும் நீரும் சூழ்ந்த பழைய இருக்கை திருவாவினன்குடி. நக்கீரர் அருளியதும் பதினோராந் திருமுறையில் வைத்துப் போற்றப்பெறுவதுமாகிய திருமுருகாற்றுப்படை, முருகன் உறையும் படைவீடுகளுள் மூன்றாவதாக இதனைக் கூறுகின்றது. பழனிக்குத் தேவாரப் பதிகம் இல்லையே என்று வருந்துவார்க்கு இது பெரியதோர் ஆறுதல். திருமுறையுள் இத்தலத்துக்கு இடம் உண்டு.

திருமகளும், ஆவாகிய காமதேனுவும், இனனாகிய ஞாயிறும், குவாகிய நிலமகளும், அங்கியும் வழிபட்டமையால் இப்பெயர் வந்தது என்று தலபுராண மரபு எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள் கூறும். ஆவியர் குடியினர் இருந்த ஊராதலின் ஆவினன்குடி எனப் பெயர் பெற்றது என்று வரலாற்றறிஞர் கூறுவர். செல்வம், பசு, கதிரவன், நிலம், தீ என்னும் ஐந்தும் வழிபட்டன என்ற புராணக் கூற்றை ஒருகால் மீண்டும் எண்ணிப் பார்த்தால், ஆற்றங்கரை உழவர் வாழ்வுக்கு இன்றியமையாதன இவ்வைந்தே என்பது புலனாகும். புராணம் கற்பித்த பொருளிலும் மண்ணின் மணம் இருக்கின்றது.

ஐவர்மலைக் கல்லெழுத்து

பழனிக்கு மேற்கே பாப்பம்பட்டியை அடுத்து ஐவர்மலை என்னும் குன்று உளது. அங்குள்ள பாறையில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. இரண்டாம் வரகுண பாண்டியனது எட்டாம் ஆட்சியாண்டும் சகம் 792ஆம் ஆண்டும் ஒருங்கே குறிக்கப்பெற்ற கல்லெழுத்து ஒன்று இங்குக் காணப்படுகின்றது. அது கி.பி. 870. அதனைக் கொண்டே வரகுணன் அரசு கட்டிலேறியது கி.பி. 862 என வரலாற்றாசிரியர் உறுதி செய்தனர். சாந்திவீரக் குரவர் என்பார் அங்குள்ள பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கி உருவையும் புதுப்பித்து, வழிபாட்டுக்கும் அடிகளார் ஒருவரது உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்த செய்தியை அக்கல் கூறுகின்றது.

வரகுணன் சிவநெறியிற் சிறந்த மன்னனாகத் தமிழர் போற்றும் பெயரினன். மணிவாசகப் பெருமான் திருக்கோவையாரில் வைத்து எண்ணிய பெயரும் அதுவே. அவன் ஆட்சியில் அவன் பெயராலேயே ஆண்டு குறித்துச் சமணர் தம் அறத்தை அச்சமின்றி நடத்தினர். தன் நெறியில் உறுதி உடையவன் பிறர் நெறிக்கு ஊறு செய்யான் என்பதனை இப்பாறை மோனமாக உரைக்கின்றது. பழனி வட்டாரத்து வரலாறு ஒரு சமயத்தார்க்கே உரிய வரலாறன்று. பலரும் புதுப்பித்தும் பேணியும் வந்த வரலாறு.

பெரியாவுடையாரும் பெரியநாயகியும்

ஊருக்கு வடமேற்கே, கோதைமங்கலத்தை அடுத்து, சண்முகநதியின் கரையிலேயே பெரியாவுடையார் திருக்கோயில் உளது. மலைக்கோயிலின் ஆரவாரம் இங்கு இல்லை. மரநிழலும் ஆற்றுக் காற்றும் வயற்பசுமையுமே துணை. கீழ்த்திசையில் தண்டாயுதபாணியின் மலை தெரியும். தென்திசையில் வராககிரி முகில் சூடி நிற்கும். மழைக்காலத்துப் புதுவெள்ளம் வரும் நாளில் இக்கரையில் நின்று காண்பார்க்கு, நம் முன்னோர் சிவபெருமானை ஏன் ஆற்றங்கரைதோறும் எழுந்தருளுவித்தனர் என்பது எவரும் சொல்லாமலே விளங்கும்.

ஊரின் நடுவே எழுந்தருளியவள் பெரியநாயகி அம்மை. ஊர்க்கோயில் என்றே மக்கள் வழங்குவர். ஆற்றங்கரையில் பெரியாவுடையார், ஊர் நடுவில் பெரியநாயகி. பெயரொப்புமை நினைந்து மகிழத்தக்கது. மலைமேல் நிற்கும் பிள்ளை கோவணாண்டியாய்த் துறந்து நின்றானாயினும், அவன் விழாவுக்குக் கொடி ஏறுவது அம்மை திருமுன்னர்த்தான். தைப்பூசக் கொடியேற்றம் பெரியநாயகி அம்மன் கோயிலில் நிகழும். தேரும் அக்கோயிலைச் சூழ்ந்த தேர்வீதிகளிலேயே ஓடும். பங்குனி உத்திரத்துக்கோ திருவாவினன்குடியிற் கொடி ஏறும்; தேர் மலையைச் சுற்றிய கிரிவீதியில் வலம் வரும். இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கின், ஊர், அடிவாரம், மலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விழுங்காமல் முறைவைத்துப் பெருமை பகிர்ந்துகொண்ட பழைய ஒழுங்கு புலப்படும். மலை புகழ் பெற்றபின்னும் ஊரையும் அடிவாரத்தையும் கைவிடவில்லை. இது பழனி வகுத்த நல்வழக்கு.

மலைமேல் ஏறிய புகழ்

அடிவாரத்தினின்று ஏறத்தாழ 450 அடி உயர்ந்த மலையின்மேல் 693 படிகளைக் கடந்து பெருமானைக் காணவேண்டும். போகர் நவபாடாணத்தால் திருவுருவை அமைத்தார் என்பதும், சேரமான் பெருமாள் கோயில் எடுப்பித்தான் என்பதும் தலமரபு. போகரது சமாதி மலைக்கோயிலின் திருச்சுற்றில் இன்றும் வழிபடப்பெறுகின்றது. கருவறைச் சுவரிற் காணும் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் 13ஆம் நூற்றாண்டளவில் இக்கோயில் வேந்தர் போற்றும் நிலையில் இருந்ததைக் காட்டுகின்றன. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் தொண்ணூறுக்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்களை இத்தலத்துக்கு அருளினார். வேறெத்தலத்துக்கும் இத்துணைப் பாடல்கள் கிட்டவில்லை என்பர்.

போகர் மாணவராகிய புலிப்பாணியின் வழிவந்த பண்டாரத்தார் பூசனை செய்து வந்தனர் என்றும், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பையன் அதனைக் குருக்கள்மாரிடம் ஒப்புவித்தான் என்றும் கோயில் வரலாறு கூறும். அந்நூற்றாண்டு திண்டுக்கல் வெளிக்கே திருப்பமான காலம். திண்டுக்கல் மலைக்கோட்டையை 1605ஆம் ஆண்டில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கத் திருமலை நாயக்கர் நிறைவித்தார். பின்னர் 1755இல் ஐதரலி அங்கே பௌஜுதாராக வந்தார். மைசூர்ப் போர்களிற் கோட்டை பன்முறை கைம்மாறி, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலக் கும்பினியார்க்கு உரியதாயிற்று. பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையிலுள்ள விருப்பாட்சியில் கோபால நாயக்கர் வேலு நாச்சியார்க்கு அடைக்கலம் அளித்தார். 1801இல் தூக்கிலிடப்பட்டு மாண்டார். கோட்டைகள் கைம்மாறின, பாளையங்கள் அழிந்தன, ஆயினும் ஆண்டுதோறும் காவடி வருதல் நிற்கவில்லை. அரசர் வழி அடைபட்ட காலத்தும் அடியார் வழி திறந்தே இருந்தது.

ஊரும் தமிழை மறக்கவில்லை. பாலசுப்பிரமணியக் கவிராயர் தலபுராணம் பாடினார். இளமையிலேயே கண்ணொளி இழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) இவ்வூரிற் பிறந்து சேதுபதி அவையிற் சிறந்தார்.

காலாற் கடந்த வழி

1928ஆம் ஆண்டில் திண்டுக்கல்லினின்று பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு இருப்புப்பாதை அமைந்தது. 1966இல் மலைக்கு இழுவை இரயிலும், 2004இல் கம்பிவடத் தொட்டிலும் வந்தன. இத்துணை வசதி வந்தபின்னும் நடந்து வருவார் தொகை குறையவில்லை; பெருகியே வருகின்றது.

தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் செட்டிநாட்டினின்று காவடி சுமந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நடந்து வரும் மரபு நானூறு ஆண்டுப் பழமையது. திண்டுக்கல் வெளியில் நெடுஞ்சாலையின் இருமருங்கும் நீரும் மோரும் உணவும் வழங்கும் இல்லறத்தாரை அந்நாட்களிற் காணலாம். நடப்பார் யார், வழங்குவார் யார், எம்மரபினர் என்ற கேள்வி அங்கு எழுவதில்லை. எடப்பாடியினின்று வரும் பருவதராசகுலத்தார் பூசத்துக்குப் பின்னர் வந்து, மானூர்ச் சண்முகநதிக் கரையில் தங்கி நீராடி, மலைமேல் ஓரிரவு தங்கும் தனியுரிமையோடு வழிபட்டுத் திரும்புவர். ஆற்றில் மூழ்கியன்றி மலையேறுவதில்லை என்னும் பழைய நெறியை இத்தகையோர் இன்றும் காத்து வருகின்றனர்.

இவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது பங்குனி உத்திரத்துத் தீர்த்தக் காவடி. கொங்கு நாட்டார் கொடுமுடிக்குச் சென்று, காவிரி நீரைக் கலசங்களில் முகந்து, காவடியாக்கித் தோளிற் சுமந்து, வெயிலிற் பல நாள் நடந்து பழனியாண்டவர்க்குத் திருமுழுக்காட்டுவர். கொடுமுடி, சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிய திருப்பாண்டிக் கொடுமுடி. சண்முகநதியின் நீர் அமராவதி வழியாகக் காவிரிக்குச் செல்கின்றது. காவிரியின் நீர் அன்பர் தோள் வழியாகப் பழனிக்கு வருகின்றது. மலை கொடுத்த நீரை மக்கள் திருப்பிக் கொணர்ந்து மலைமேல் நின்றவனுக்கே ஆட்டுகின்றனர். இயற்கை கீழ்நோக்கி ஓட்டியதனைப் பத்தி மேல்நோக்கி ஏற்றுகின்றது. இதனினும் சிறந்த நீர்க்கடன் வேறு யாண்டும் உண்டோ?

தீர்த்தத்தின் நிலையும் அடியார் கடனும்

குடமுழுக்கு என்பது நீரால் ஆகும் விழா. திருப்பணியின்போது இறைவன் திருவுருவினின்று கலைகளைக் கும்பநீரில் ஏற்றி வேள்விச் சாலையில் எழுந்தருளுவிப்பர். அந்நாட்களில் இறைவனுக்குத் திருமேனியாய் நிற்பது நீரே. கங்கை முதலாகிய தீர்த்தங்களெல்லாம் அக்குடத்தில் வந்து நிறைக என மந்திரம் ஓதி வேண்டுவர். பின்னர் அந்நீரே விமானத்தின்மேலும் மூர்த்தியின்மேலும் சொரியப்படும். 2006ஆம் ஆண்டுக்குப் பின் பழனி மலைக்கோயிலில் 27–1–2023 அன்று குடமுழுக்கு நிகழ்ந்தபோது, அந்நீர்த்துளி தம்மேல் வீழாதா என்று தலைநிமிர்ந்து நின்றார் எண்ணிலர்.

அவ்வாறு துளிக்கு ஏங்கும் மக்கள் தம் ஊர் ஆற்றை எந்நிலையில் வைத்துள்ளனர்? ஆற்றின் தலைப்பகுதியில் பாலாறு–பொருந்தலாறு அணை நீரைத் தேக்கி வயல்களை ஊட்டுகின்றது. அணைக்கு அப்பால், ஊரையும் சாலையையும் நெருங்குந்தோறும் ஆறு தன் தூய்மையை இழக்கின்றது. ஊர்க்கழிவு நீர் வந்து சேர்கின்றது. நீராடுவோர் களைந்த ஆடைகளை ஆற்றிலேயே விடும் வழக்கம் எங்கிருந்தோ வந்து புகுந்துளது. எந்த ஆகமமும் அதனை விதிக்கவில்லை. பேகன் பெயரை நினைவூட்டும் வையாபுரிக் குளமும் ஊர்க்கழிவைத் தாங்கி நிற்கின்றது. தீர்த்தம் எனப் பெயர் சொல்லி வணங்குவதும், வணங்கிய கையாலேயே அதனை அழுக்காக்குவதும் ஒருங்கு நிகழ்தல் எத்துணைப் பொருந்தாமை!

கங்கையாடினும் காவிரியாடினும் இறைவனை எங்கும் உளன் என எண்ணாதார்க்குப் பயனில்லை என்று நாவுக்கரசர் அறிவுறுத்தவில்லையா, அகத்தூய்மை இருப்பின் ஆற்றுத் தூய்மை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நாவுக்கரசர் பாடியதை நினைந்தார் அவர் கையில் ஏந்தியதை மறத்தலாகாது. அவர் ஏந்தியது உழவாரப்படை. இறைவன் எங்கும் உளன் என்று உறுதியாக உணர்ந்த அப்பெருந்தகையே, அவன் உறையும் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கிக் கல்லை அகற்றினார். எங்கும் உளன் என்பார்க்கு எவ்விடமும் தூய்மை செய்தற்குரிய திருமுற்றமே. அந்நெறிப்படி நோக்கின் உழவாரத் திருப்பணி மதிற்சுவரோடு நின்றுவிடுவதன்று. படித்துறைக்கும் ஆற்றங்கரைக்கும் உரியது.

செயற்கரியன எவையும் வேண்டா. நீராடுவோர் ஆடையை ஆற்றில் விடாதிருத்தல், விழா நாட்களில் உழவாரத் திருக்கூட்டத்தார் கோயிலுக்கு ஒருநாள் எனின் கரைக்கும் ஒருநாள் ஒதுக்குதல், கழிவுநீரைத் தூய்மை செய்தன்றி ஆற்றிலும் குளத்திலும் விடாதிருக்குமாறு ஊராட்சியும் நகராட்சியும் கோயிலாரும் கூடி வழி காணுதல், மலையேறும் அன்பர் பெரியாவுடையாரையும் கண்டு ஆற்றங்கரையில் ஒரு நாழிகை அமர்ந்து செல்லுதல், இவை போதும். காணாத ஒன்றைக் காக்கும் எண்ணம் எவர்க்கும் எழாது. கரையிற் சென்று அமர்ந்தார்க்கே ஆறு தம்முடையது என்னும் உணர்வு பிறக்கும்.

ஈமச்சாடியில் நெல் வைத்தார், சாணைக்கல் தீட்டிய காரோடன், மயிலுக்குப் போர்வை தந்த பேகன், அவனை இடித்துரைத்த புலவர், பொன் வைத்து உருவம் புதுப்பித்த குரவர், திருப்புகழ் பாடிய அருணகிரியார், பெயர் அறியப்படாத எண்ணில் காவடியாளர் ஆகிய இவர் அனைவரும் பருகிய நீர் இவ் ஆற்று நீர். அவர்கள் தூயதாக வைத்துச் சென்றதனைத் தூயதாகவே வரும் தலைமுறைக்குக் கையளித்தல், கல்லாலும் சுதையாலும் செய்யும் எத்திருப்பணிக்கும் குறைந்ததன்று. மூர்த்தியும் தலமும் தீர்த்தமும் மூன்றும் ஒருபடித்தாய் விளங்க ஆறுமுகப் பெருமான் திருவருள் முன்னிற்க. அடியார் கைகளும் உடன் நிற்க.